துவரங்குறிச்சி என்றால்

பெரிய படத்தில் கப்பல்கள் உண்டு.
நட்சத்திரங்களுக்கு நடுவே எரிந்து எரிந்து விழும்.
மூன்று பாகம், மூன்றிலும் போர்.
எங்களுடையது அதன் ஓரத்தில் முளைத்த கிளை,
டிவிக்கு, பிள்ளைகளுக்கு,
பொங்கல் மதியம் இரண்டரைக்கு.
இதிலும் ஒரு கப்பல் உண்டு,
விழுந்து கிடக்கும்.
பறப்பதைவிட விழுந்து கிடப்பதற்குச் செலவு கம்மியாம்.

அப்பா அம்மாவை அரக்கன் தூக்கிப்போய்விட்டான்.
அண்ணனும் தங்கச்சியும் தேடிப் போகிறார்கள்.
துணைக்கு அந்தக் கிரகத்து ரோமக்காரர்கள் ஏழு பேர்.
நான் ஐந்தாவது.

மூணே முக்கால் அடி, அதுதான் தகுதி.
மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டு நின்றவனை
டெய்லர் டேப்பால் அளந்துவிட்டுத்தான் பேரே கேட்டார்கள்.
சோணைமுத்து.
"வெயில் தாங்குவீங்களா?"
மதுரைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது.

கீழவளவுப் பக்கம், கைவிட்ட கல்குவாரி.
சதுரம் சதுரமாக அறுத்தெடுத்த மலை,
மிச்சத்தில் வரிசையாக ட்ரில் துளைகள்,
அடியாழத்தில் அசையாத பச்சைத் தண்ணீர்.
கலை இயக்குநர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து
பெயிண்ட் டப்பாக்களை வேனிலேயே விட்டுவிட்டார்.
வேற்றுக்கிரகத்தை
யாரோ முன்னாடியே செய்து முடித்திருந்தார்கள்.

மே மாதம். உள்ளே நுரைப்பஞ்சு, மேலே சடை சடையாய் முடி.
கரடிவாய் ஓட்டை வழியே ஸ்ட்ரா விட்டு குளுக்கோஸ் தருவார்கள்.
அழுதாலும் சிரித்தாலும் வெளியே ஒரே முகம்.

"உங்க இனத்துக்குன்னு ஒரு பாஷை இருக்கு," என்றார் டைரக்டர்,
"இன்னும் எழுதல. நீங்களே பேசுங்க. தமிழ்னு தெரியக் கூடாது."
மற்ற ஆறு பேரும் உர்ர் என்றார்கள்.
எனக்கு வாயில் வருவது ஒன்றுதான்,
பதினாறு வருசமாய் மூச்சுவிடாமல் சொல்வது:
மேலூர்கொட்டாம்பட்டிதுவரங்குறிச்சிதுவரங்குறிச்சி
"பிரமாதம்! எந்த ஊர்ப் பாஷைங்க இது?"
"எல்லா ஊரும்தான் சார்," என்றேன்.

ஒன்பதாம் நாள் தங்கச்சியாக நடித்த பிள்ளை
நிஜமாகவே சறுக்கி விழுந்தது.
ரிதன்யா, ஏழு வயசு, முழங்கால் தேய்ந்து ரத்தம்.
கவுன் கறையானதற்கு அவள் அம்மா திட்டிக்கொண்டே ஓடிவர
பிள்ளை அங்கே போகாமல்
என் மடியில் வந்து ஏறி, முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.
தமிழில் பேசியிருந்தால் என்னை ஆள் என்று கண்டுபிடித்துவிடும்.
மெதுவாக, ஏலம்போடாமல், முதல்முறையாக ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்.
மேலூர்.
கொட்டாம்பட்டி.
துவரங்குறிச்சி வருவதற்குள் தூங்கிவிட்டது.
கேமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

பொங்கலன்று புதூரில் மச்சான் வீட்டில் பார்த்தோம்.
"ஏழுல எதுய்யா நீ?"
எனக்கே தெரியவில்லை.
அந்த மடி வந்தபோதுதான் காட்டினேன்.
அடியில் எழுத்து ஓடியது:
'பயப்படாதே. விடிந்துவிடும்.'
நான் அப்படியா சொன்னேன் என்று யோசிப்பதற்குள்
பற்பசை விளம்பரம்.
முடிவில் பெயர்கள் சரசரவென்று ஏறிப்போயின,
சோனமுத்து என்று எவனோ ஒருவனும் போனான்.

மறுநாள் அதே பிளாட்பாரம், அதே குரல்.
வெயிலில் ஆளாளுக்குப் பையோடு ஓடுகிறார்கள்.
அம்மா கையைப் பிடித்து இழுபட்டுப்போன பொடியன்
சட்டென்று நின்றான்.
"யம்மா, பயப்படாதங்கிறாரு."
"யாருடா?"
"இவருதான். இப்ப சொன்னாருல்ல."
அந்தம்மா என்னைப் பார்த்தார், முதலில் எல்லாரும் பார்க்கிற மாதிரி,
பிறகு கொஞ்சம் குனிந்து:
"நத்தம் பஸ்ஸு எங்கண்ணே நிக்கும்?"

அடுத்த பிளாட்பாரம். கை காட்டினேன்.
பொடியன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.
எனக்கு இன்னும் பதினோரு சீட் நிரம்பணும்.